முகத்துக்கும் கண்ணுக்கும் இடையே எத்தனை அடி?

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, அமரவிளையில் நெய்யாற்றைக் கடந்து, உதியன்குளங்கரையையும் பாறசாலையையும் ஊடுருவி, இஞ்சிவிளையைத் தாண்டிக் களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகின்றது. இச்சாலையின் இருமருங்கிலும் உள்ள சிற்றூர்களில் வாழ்வோர், தமிழும் மலையாளமும் கலந்து புழங்குவது போலவே இருமொழித் திரைப்படங்களையும் பேதமின்றிப் பார்த்துப் பழகியவர்கள். கதையையும் பாட்டையும் நடிப்பையும் பற்றி மணிக்கணக்கில் வாதிக்கக்கூடிய ரசிகர்கள். ஆயினும், அதே மனிதன் திரையில் சில வேளை தென்னந்தோப்பின் நடுவே ஒரு புள்ளியாகவும், சில வேளை சுவர் முழுவதையும் நிரப்பும் முகமாகவும் தோன்றுவது ஏன், அந்த அளவை எந்தக் கணக்கைக் கொண்டு நிர்ணயிக்கிறார்கள், அது நம் மனத்தில் இத்தனை மாறுதலை எவ்வாறு விளைவிக்கிறது என்ற கேள்விகள் அந்த வாதங்களில் அரிதாகவே எழுகின்றன. ஷாட்டின் அளவு என்று சினிமாக்காரர்கள் சொல்லுகின்ற அந்த விஷயம் அடிப்படையில் தூரத்தைப் பற்றிய சாஸ்திரம். தூரமோ, இந்தப் பழைய திருவிதாங்கூர் மண்ணில், வெறும் கணிதத்தோடு நின்றுவிட்ட விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை.

பரீட்சித்துப் பார்க்க விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டுவதில்லை. தடித்த அட்டை ஒன்றில் 8 சென்டிமீட்டர் அகலமும் 6 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு துவாரத்தை வெட்டிக்கொண்டு, அமரவிளைப் பாலத்தின் ஒரு முனையில் நின்று, ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணுக்கு 30 சென்டிமீட்டர் முன்னே அதைப் பிடித்து, எதிர்முனையிலிருந்து நடந்து வருகிற ஒருவரைப் பார்த்தால் போதும். அவர் 60 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது அத்துவாரத்தில் 12 மீட்டர் உயரமுள்ள உலகம் அடங்குகிறது. ஆறும் வானமும் கரையோரத் தென்னைகளும் அதை ஆக்கிரமித்துக்கொள்ள, மனிதர் ஏழில் ஒரு பங்கு உயரத்தில் ஒதுங்கி நிற்கிறார். 10 மீட்டருக்கு வந்ததும் உச்சி முதல் பாதம் வரை அவருடைய முழு உருவமும் சரியாகப் பொருந்துகிறது. 5 மீட்டரில் இடுப்புக்கு மேற்பட்ட பாகம் மட்டும் எஞ்சுகிறது. 2 மீட்டரில் முகமும் தோளும் தவிர வேறொன்றும் இல்லை. முதலாவது நெடுந்தூரக் காட்சி. அடுத்தவை முறையே ஃபுல் ஷாட், மிட் ஷாட், குளோஸ்-அப். கண்ணோ வாயோ மட்டும் தெரியும்படி இன்னும் நெருங்குவதை டைட் குளோஸ் என்பார்கள். ஒருவர் தோளுக்குப் பின்னிருந்து அவரோடு பேசுபவரின் முகத்தைக் காட்டுவதற்குத் தென்னிந்தியப் படப்பிடிப்புத் தளங்களில் சஜஷன் என்று பெயர்.

இந்தப் பெயர்களையெல்லாம் நிர்ணயிக்கும் அளவுகோல் மனித உடல் ஒன்றே. பொருள் எதுவாயினும் அதை மனிதனுக்கு நேராக நிறுத்தித்தான் அதன் தூரத்தை மனம் உணருகிறது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில், எதிரிகளிடமிருந்து தப்பிய திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் ஒளிந்திருந்ததாக ஐதிகம் கூறும் அம்மச்சிப் பிலாவின் அடிமரம் காக்கப்பட்டிருக்கிறதல்லவா? அதைத் தூரத்திலிருந்து எடுத்தால் பட்டுப்போன ஒரு பலாமரம் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். அருகே ஒரு மனிதரை நிறுத்தி எடுத்தாலோ, அதன் பொந்தில் ஓர் ஆள் நுழைய முடியுமா என்று உடனே யோசிக்கத் தொடங்குவார்; ஐதிகம் அப்போதுதான் படத்தினுள் பிரவேசிக்கிறது.

இனித் தியேட்டருக்குள் செல்வோம். 6 மீட்டர் உயரமுள்ள திரையில் ஒரு முகம் 5 மீட்டர் உயரத்துக்கு நிறைந்திருக்கிறது என்றும், நாம் திரையிலிருந்து 15 மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கிறோம் என்றும் வைத்துக்கொண்டால், உயரத்துக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம் மூன்றில் ஒன்று. மோவாயிலிருந்து உச்சி வரை சுமார் 22 சென்டிமீட்டர் உள்ள ஓர் உண்மை முகம், நம் கண்ணில் அதே கோணத்தை அடைத்துக்கொள்ள வேண்டுமானால் நமக்கு 66 சென்டிமீட்டர் தூரத்தில், அதாவது இரண்டு அடியை ஒட்டி, இருந்தாக வேண்டும். அமெரிக்க மானிடவியல் அறிஞர் எட்வர்டு ஹால் 1966-இல் வெளியிட்ட நூலொன்றில், மனிதர்கள் தமக்குள் காக்கும் இடைவெளிகளை நான்காகப் பகுத்தார்: ஒன்றரை அடிக்குள் அந்தரங்க வட்டம், அதிலிருந்து நான்கு அடி வரை சொந்தக்காரரும் நண்பரும் நிற்கும் வட்டம், பன்னிரண்டு அடி வரை காரியத்துக்காகப் பழகும் வட்டம், அதற்கும் அப்பால் பொது வெளி. அவர் கண்டது அமெரிக்க மக்களின் பழக்கத்தையே. நாட்டுக்கு நாடு இந்த எல்லைகள் வேறுபடும் என்பதையும் அவரே வற்புறுத்தியிருக்கிறார். எனினும் அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தால் ஓர் உண்மை பளிச்சென்று விளங்கும். ஃபுல் ஷாட்டில் நிற்கும் கதாநாயகன் அதே இருக்கையிலிருந்து நமக்கு 5 மீட்டர் அப்பால், பொது வெளியில், மேடையில் நிற்பவனாக இருக்கிறான். குளோஸ்-அப் வந்த அடுத்த கணமே, நாம் எழுந்து போகாமலும் அவன் இறங்கி வராமலும், தோழன் நிற்கின்ற தூரத்துக்கு வந்துவிடுகிறான். முன்பின் அறியாத ஒருவருடைய முகத்தை இரண்டு அடிக்குள் வைத்துக் கண் இமைக்காமல் பார்ப்பதற்கு நிஜ வாழ்வில் நமக்கு அதிகாரமில்லை. சினிமா அந்த அதிகாரத்தைச் சீட்டு வாங்கிய எல்லாருக்கும் கொடுக்கிறது.

எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. திரைக்கு 5 மீட்டரில் உள்ள முன்வரிசைக்காரருக்கு அந்த முகம் 22 சென்டிமீட்டரில், மூச்சு படும் தூரத்தில் இருக்கிறது. 30 மீட்டர் தள்ளிப் பின்வரிசையில் சாய்ந்திருப்பவருக்கோ நாலடிக்கும் அதிகமான தூரம். பழைய கொட்டகைகளில் மிகக் குறைந்த விலைக்கு விற்ற தரை டிக்கெட்டு திரைக்கு மிக அருகில் இருந்ததென்பது நாம் அனைவரும் அறிந்தது. அரசனுடைய முகமும் அரசியுடைய முகமும் மிக அந்தரங்கமான சமீபத்தில் தோன்றியது, வெளியே வீதியில் அத்தகையோரிடமிருந்து மிகத் தொலைவில் நிறுத்தப்பட்டிருந்த மக்களுக்கே என்பதை நினைக்கும்போது, இந்தக் கலைக்கு அவர்கள் கொடுத்த அன்பின் காரணம் ஓரளவு புரியத்தான் செய்கிறது.

ஏனெனில் இத்தேசத்தில் தூரம் சாதியால் அளக்கப்பட்டது. இன்னார் இன்னாருக்கு இத்தனை காலடிக்கு அப்பால் நிற்க வேண்டும் என்று மலையாள தேசத்தில் வழங்கிய கொடிய நியதியைப் பழைய நூல்கள் எண்களோடு குறித்து வைத்திருக்கின்றன. புலையர் நம்பூதிரிக்கு 96 காலடி விலக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததே 1936 நவம்பர் 12-இல்தான். அதற்கும் சில ஆண்டுகள் முன்பே, 1920-களின் இறுதியில், அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த தமிழரான ஜே. சி. டானியல், தம் சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்தாபனத்தை நிறுவி, மலையாளத்தின் முதல் திரைப்படமாகிய 'விகதகுமாரன்' என்னும் மௌனப் படத்தைத் தாமே எழுதி, இயக்கி, கதாநாயகனாகவும் நடித்து முடித்தார். நாயர் குலப் பெண்ணாக அதில் நடித்தவர், புலையர் சமூகத்தில் பிறந்த பி. கே. ரோஸி. காப்பிட்டல் தியேட்டரில் படம் திரையிடப்பட்டபோது சபையோரில் ஒரு சாரார் கொதித்தெழுந்து திரையின்மேல் கல்லெறிந்தனர் என்பதும், ரோஸி ஊரை விட்டே ஓட நேர்ந்து நாகர்கோவில் பக்கம் வந்து தம் அடையாளத்தை மறைத்து வாழ்ந்து முடிந்தார் என்பதும் சினிமா வரலாற்றில் பதிவானவை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் பெருவழி நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் வழியாகத்தான்.

அப்படத்தின் பிரதி இன்று உலகில் எங்கும் இல்லை. எனினும், வெள்ளைத் திரைச்சீலையின்மேல் விழுந்த ஒளியைக் கல்லால் அடிக்கும் அளவுக்கு மனிதருக்கு வெறி மூண்டதன் மர்மம், நாம் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறதென்று நான் எண்ணுகிறேன். நாடக மேடையாயின் நடிகை அவளுக்குரிய தூரத்தில், தன்னுடைய சொந்த உடலின் அளவில் இருப்பாள். திரையிலோ முழு உருவமாக எடுத்தாலே அவள் உருவம் பார்ப்பவனைக் காட்டிலும் பெரிது. நெருங்கி எடுத்தால் 96 காலடி என்பது இரண்டு அடியாகச் சுருங்கி, அண்ணாந்து பார்க்க வேண்டியவன் அவன் ஆகிறான். சாஸ்திரம் எந்தத் தூரத்தைக் காப்பதற்காக நூற்றாண்டுக் கணக்கில் பாடுபட்டதோ, அதை ஒரு கண்ணாடி வில்லை நொடியில் கடந்துவிட்டது.

டானியலுடைய பிற்காலமும் வேறொரு சட்டத்துக்குள் சிக்கியது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை என்ற நான்கு தாலுக்காக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. தம் வாழ்வின் கடைசியில் வறுமையுற்றிருந்த டானியல், ஒரு காலத்தில் ஒரே ராஜ்யமாயிருந்த பூமியில் கோட்டுக்கு அப்பால் விழுந்துவிட்டார். தமிழ்நாட்டுக்காரர் என்ற காரணத்தால் அவருக்கு உதவித்தொகை வழங்கக் கேரள அரசு தயங்கியது என்று எழுதப்பட்டிருக்கிறது. 1975-இல் அவர் மறைந்தார். மலையாள சினிமாவின் மிக உயர்ந்த வாழ்நாள் விருது அவர் பெயரால் ஏற்பட்டது 1992-இல்.

டானியலின் படத்துக்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1951-இல், இதே சாலையில் நெய்யாற்றின்கரைக்கு வடக்கே உள்ள நேமத்தில் பி. சுப்பிரமணியம் மெரிலாண்டு ஸ்டூடியோவைத் தொடங்கினார். அந்த ஸ்டூடியோ யுகத்தின் தொடக்கத்தில், நடிகர் பிரேம் நசீரின் முதல் படமாகிய 'மருமகள்' (1952) என்பதில் அவருக்கு ஜோடியாக நடித்தவர் நெய்யாற்றின்கரை கோமளம். ஸ்டூடியோ யுகத்துப் படங்களில் பெரும்பான்மையும் மிட் ஷாட்டிலேயே நடந்து முடிவதற்கு நாடகத்தின் பழக்கம் ஒரு காரணம். பளுவான கேமராவும் மூன்று சுவர் அரங்கமும் மற்றொரு காரணம்.

குளோஸ்-அப் என்பது சினிமா பிறந்த அன்றே கூடப் பிறந்ததன்று. 1913-இல் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'வில் பாத்திரங்கள் பெரும்பாலும் மேடையில் காண்பது போலவே முழு உருவமாக நிற்கின்றனர். பதினைந்தே ஆண்டுகளில், 1928-இல், டென்மார்க்கைச் சேர்ந்த டிரேயர், ஜோன் ஆஃப் ஆர்க்கின் விசாரணையை ஏறக்குறைய முகங்களாலேயே எடுத்துக் காட்டிவிட்டார். அந்நியருடைய முகத்தை இவ்வளவு அருகில் பார்க்கும் வித்தையைக் கண்ணுக்குக் கற்பிக்க மனித குலத்துக்கு ஒரு தலைமுறைகூடத் தேவைப்படவில்லை.

இங்கே ஒரு நுட்பமான விஷயத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். முகத்தைப் பெரிதாக்குவதற்கு வழிகள் இரண்டு: கேமராவைக் கொண்டுபோய் முகத்தின் அருகே வைப்பது ஒன்று, எட்ட நின்றபடியே நீண்ட குவியத் தூரமுள்ள லென்ஸைப் பொருத்துவது மற்றொன்று. இரண்டிலும் முகத்தின் அளவு சமமாகவே இருக்கும்; ஆனால் படம் சமமாக இராது. நம் அட்டையைக் கண்ணருகே இழுத்தால் அகன்ற உலகமும், கையை நீட்டிப் பிடித்தால் குறுகிய உலகமும் தெரிவது எவ்வாறோ, அவ்வாறே 25 மில்லிமீட்டர் லென்ஸும் 100 மில்லிமீட்டர் லென்ஸும். பிலிமில் ஒரு படத்தின் உயரம் 16 மில்லிமீட்டர் என்ற பழைய பிரமாணப்படி, 40 சென்டிமீட்டர் உயரத்தை நிரப்பும் ஒரு குளோஸ்-அப்பை 25 மில்லிமீட்டர் லென்ஸால் எடுக்க வேண்டுமானால் கேமரா சுமார் இரண்டு அடியில் இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டரால் எடுத்தால் இரண்டரை மீட்டரில். இப்போது பாறசாலைத் தோட்டமொன்றில் ஒரு பெரியவரை நிறுத்தி, அவருக்கு 30 மீட்டர் பின்னால் 12 மீட்டர் உயரமுள்ள தென்னை ஒன்று நிற்பதாகக் கொள்வோம். முதல் படத்தில், அம்மரத்தின் தூரத்தில் ஏறக்குறைய 20 மீட்டர் உயரம் அடங்குவதால், தென்னை அடி முதல் குருத்து வரை தெரிந்து அதற்கு மேல் வானத்துக்கும் இடமிருக்கும். இரண்டாவது படத்தில் ஐந்து மீட்டர் சொச்சம்தான் அடங்கும். ஒரு துண்டு அடிமரம் தவிரத் தோட்டமே மறைந்துபோகும். பெரியவரின் முகமும் மாறுபடும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 12 சென்டிமீட்டர் என்று கொண்டால், இரண்டு அடியிலிருந்து பார்க்கும் லென்ஸ் காதைக் காட்டிலும் மூக்கை ஐந்தில் ஒரு பங்கு மிகைப்படுத்திக் காட்டும். இரண்டரை மீட்டரிலிருந்து பார்ப்பது இருபதில் ஒரு பங்கே மிகைப்படுத்தும். அழகாகக் காட்ட வேண்டிய முகத்தை ஒளிப்பதிவாளர்கள் எட்ட நின்று எடுப்பதன் காரணம் இதுவே. அந்த மிகையை உண்டாக்குவது லென்ஸ் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது முழுக்க முழுக்கத் தூரத்தின் வேலை. லென்ஸ் செய்வது, அங்கிருந்து தெரியும் உலகத்தில் எவ்வளவை வெட்டியெடுப்பது என்ற தீர்மானம் மட்டுமே.

வெட்டுவதிலும் சில சம்பிரதாயங்கள் உண்டு. முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு போன்ற மூட்டுக்களின்மேல் படத்தின் விளிம்பு விழக்கூடாது. அங்கே வெட்டினால் அங்கம் குறைந்தாற்போல் தோன்றும், தொடையிலோ மார்பிலோ வெட்டினால் மிச்சத்தை மனமே நிரப்பிக்கொள்ளும். தலைக்கு மேல் சிறிதளவு இடம் விட வேண்டும். ஆனால் நெருங்க நெருங்க உச்சந்தலையைத் தியாகம் செய்தாவது கண்களை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்த வேண்டும். பார்வை செல்லும் திசையில் வெற்றிடம் அதிகம் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் கற்ற பிறகு இவற்றை விட்டு விலகி நிற்கும் துணிவுதான் பெரிது என்பதற்கு, எல்லைப்புறத்தார் தம் சொந்தக் கதையென்றே கொண்டாடத்தக்க ஒரு படம் இருக்கிறது. எஸ். ஹரீஷ் எழுதி, லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்த 'நண்பகல் நேரத்து மயக்கம்' 2022 டிசம்பரில் திருவனந்தபுரத்து சர்வதேசத் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டது. வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளிக் கூட்டத்தில் ஒருவராகிய ஜேம்ஸ், உறக்கம் கலைந்து பேருந்தை நிறுத்தி இறங்கி, முன்பின் அறியாத ஒரு தமிழ்க் கிராமத்தினுள் நடந்துபோய், அங்கே காணாமற்போன சுந்தரம் என்பவராகவே மாறி, அவர் வீட்டில் புழங்கத் தொடங்குகிறார். பழனி அருகே மஞ்சநாயக்கன்பட்டியில் எடுக்கப்பட்ட இப்படத்தில் கேமரா பெரும்பாலும் அசைவதே இல்லை. அருகே ஓடிச்சென்று ஜேம்ஸாக நடிக்கும் மம்முட்டியின் முகத்தில் விடை தேடுவதும் அபூர்வம். கதவும் திண்ணையும் தெருவும் மாட்டுத் தொழுவமுமாக அகன்ற சட்டத்துக்குள் அம்மனிதர் நடமாடுகிறார்.

இந்தத் தூரத்தை நான் மிக மதிக்கிறேன். குளோஸ்-அப்பை வைத்திருந்தால் நம் மனம் அந்த நொடியே அவரை விசாரணைக் கூண்டில் ஏற்றி, இவர் நடிக்கிறாரா, பித்தா, பேயா என்று கண்ணையும் உதட்டையும் துருவியிருக்கும். எட்டி நின்று பார்க்கும்போதோ, ஒரு மனிதர் தமிழரா மலையாளியா என்பதை அவர் முகம் சொல்லுவதில்லை. கட்டியிருக்கும் லுங்கியும், மாட்டுக்குத் தீனி வைக்கும் கைப்பழக்கமும், சுற்றியுள்ள சுவரும் சொல்லுகின்றன. பாறசாலையில் ஒரு பேச்சும் களியக்காவிளைச் சந்தையில் ஒரு பேச்சுமாக அன்றாடம் உரு மாறி வாழும் ஜனங்களுக்கு இது புதிய தத்துவமல்ல. ஆனால் அதை வசனமின்றி, கேமராவை வைக்கும் இடத்தின் மூலமாகவே ஒருவர் சொல்லக்கூடும் என்பது புதிது.

இன்றோ திரை கைக்குள் வந்துவிட்டது. செல்போனைக் குறுக்காகச் சாய்த்து, கண்ணுக்கு 35 சென்டிமீட்டரில் பிடித்து, அதே படத்தைப் பார்த்தால் கணக்கு முழுவதும் மாறுகிறது. ஆறு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிறையும் முகம் இப்போது நாலடிக்கும் அப்பால் நிற்பதற்குச் சமம். ஃபுல் ஷாட்டில் நிற்பவரோ தியேட்டரில் இருந்த 5 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்குப் போய்விடுகிறார். நெடுந்தூரக் காட்சிகளை நம்பி எடுக்கப்பட்ட படங்கள் செல்போனில் உயிரற்றுக் கிடப்பதற்கும், செல்போனுக்கென்று எடுப்பவர்கள் முகத்தை விட்டு அகலாமல் இருப்பதற்கும் இதுவே ஹேது. விசித்திரம் என்னவெனில், போனை நட்டு வைத்தாற்போல் நிமிர்த்திப் பிடித்தால், நிற்கும் மனிதர் 13 சென்டிமீட்டர் உயரத்துக்கு வளர்ந்து, மறுபடியும் ஐந்து மீட்டருக்குள் வந்துவிடுகிறார். பெரிய தியேட்டரை விட்டு வந்ததில் இழந்ததை அந்த ஒடுங்கிய சட்டம் திருப்பிக் கொடுக்கிறது.

ஆனால் ஒருவருக்குத்தான் கொடுக்கிறது. கல்யாண மண்டபங்களில் மணமேடைக்கு எதிரே போனை நிமிர்த்திப் பிடித்து நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது அவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு: மணமகனும் மணமகளும் அருகருகே அமர்ந்தால் இருவருமாக நாலடி அகலம் வருகிறது, அந்த நாலடியை ஆறு சென்டிமீட்டர் அகலத்தில் அடக்க முயன்றால், பிற்பாடு அதைப் பார்க்கப்போகிறவர் அவர்களை ஏழு மீட்டர் தள்ளி நிறுத்திப் பார்க்க நேரிடும், அந்தத் தூரத்தில் தாலி தெரியும், மாலை தெரியும், பெண்ணின் கண் கலங்கியது தெரியாது. தாலி கட்டும் கணத்துக்குப் போனைச் சாய்த்துப் பிடித்து இரண்டடி முன்னே போவதும், பெண்ணின் தகப்பனாரைத் தனியே எடுக்கும்போது மட்டும் நிமிர்த்திப் பிடிப்பதும் உசிதம்.